உங்களுக்குத் தெரியுமா? தூத்துக்குடிக் கணக்கும் திரைச் சோதனையும்

இணையப் பக்கத்தில் நீங்கள் அழுத்தும் பட்டன், நிரப்பும் பெட்டி, தேதி பார்க்கும் காலண்டர் எல்லாம் தனித்தனியாகச் செய்து சேர்த்த உறுப்புகள். நிரலாளர்கள் இவற்றை 'காம்போனென்ட்' என்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, சரியாக நடந்துகொள்கிறதா என்று இன்னொரு நிரலே அழுத்தியும் நிரப்பியும் பார்ப்பதுதான் யூனிட் டெஸ்ட். தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் டைடல் நியோ மென்பொருள் பூங்கா திறக்கப்பட்டது. இனி இந்த வேலை தெரிந்தவர்களுக்கு ஊரிலேயே இடம் உண்டு. எனவே இம்முறை உதாரணங்கள் எல்லாம் அந்த ஊரிலிருந்தே.

தேறினால்தான் சலாபம்

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி படியும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் அதிகாரிகள் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றைக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு பெறும் என்று கணக்கிடுவார்கள். தேறினால் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. தேறாவிட்டால் படகுகள் கரையிலேயே. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். இன்று மென்பொருள் நிறுவனங்களிலும் இதே நடைமுறைதான். டெஸ்ட் தேறாத நிரலைத் தானியங்கிச் சர்வர் வெளியே விடாது.

ஆகாயத்தில் எழுதிய நிரல்

யூனிட் டெஸ்ட் கருவிகளின் குடும்பம் கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக எழுதிய 'எஸ்யூனிட்'டில் தொடங்குகிறது. 1997ல் அவரும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அமெரிக்காவில் ஒரு மாநாட்டுக்குப் பறந்தபோது, விமானத்திலேயே உட்கார்ந்து ஜாவாவுக்கான 'ஜேயூனிட்'டை எழுதினார்கள். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2001ல் 'ஜேஎஸ்யூனிட்' வந்தது. ஜேக்வெரி உலகிலிருந்து 'க்யூயூனிட்', 2010ல் 'ஜாஸ்மின்', 2011ல் 'மோக்கா' என்று வரிசை நீண்டது.

அரட்டைப் பெட்டியில் தொடங்கியது

இன்று பரவலாகப் பயன்படும் 'ஜெஸ்ட்' ஃபேஸ்புக்கில் பிறந்தது. 2011ல் அங்கே அரட்டை வசதியை ஜாவாஸ்கிரிப்டில் திருப்பி எழுதினார்கள். அதைச் சோதிக்க வீட்டுக்குள்ளேயே செய்துகொண்ட கருவி 2014ல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. 2022ல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அதை ஓபன்ஜேஎஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது.

என்சைம் ஏன் ஓய்ந்தது?

'ரியாக்ட்' என்பது காம்போனென்ட்களைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அதில் கட்டியவற்றைச் சோதிக்க ஏர்பிஎன்பி நிறுவனம் 2015 டிசம்பரில் 'என்சைம்' என்ற நூலகத்தை வெளியிட்டது. எழுதியவர் லீலண்ட் ரிச்சர்ட்சன். காம்போனென்டின் உள்ளே புகுந்து, அது மனத்தில் வைத்திருக்கும் மதிப்பு என்ன, எந்தச் செயல்கூறு ஓடியது என்றெல்லாம் அதில் பார்க்கலாம். சில ஆண்டுகள் அதுதான் ராஜா. ஆனால் உள்ளே புகுந்து பார்ப்பதற்கு ரியாக்டின் உள்ளமைப்போடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரியாக்டின் 17ஆம் பதிப்பு 2020ல் வந்தபோதே அதற்கான அதிகாரபூர்வ இணைப்பு என்சைமில் வரவில்லை. 2022ல் 18 வந்தபோதும் வரவில்லை. ஆயிரக்கணக்கான டெஸ்ட்களை எழுதி வைத்திருந்த நிறுவனங்கள் மூட்டை கட்டி வேறு நூலகத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று.

பார்ப்பவர் கண்ணால் பார்

அவர்கள் குடிபெயர்ந்த இடம் 'ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி'. கென்ட் சி. டாட்ஸ் 2018ல் வெளியிட்டது. அதன் கொள்கை எளிது: பயன்படுத்துகிறவர் எப்படிப் பயன்படுத்துவாரோ, டெஸ்டும் அப்படியே இருக்க வேண்டும். காம்போனென்டின் உள்மதிப்பைப் பார்க்க இதில் வழியே வைக்கவில்லை. திரையில் என்ன தெரிகிறது, அழுத்தினால் என்ன மாறுகிறது, அவ்வளவுதான் கணக்கு. அதனால் உள்ளே நிரலை எத்தனை முறை பிரித்துக் கட்டினாலும், வெளியே நடப்பது மாறாதவரை டெஸ்டும் மாற வேண்டியதில்லை.

படகு எண்ணை எப்படித் தேடுவது?

மீன்பிடித் துறைமுக டோக்கன் படிவம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் 'படகு எண்' என்ற பெட்டி. டெஸ்டிங் லைப்ரரி அந்தப் பெட்டியைத் தேட ஒரு முன்னுரிமை வரிசை சொல்கிறது. முதலில் 'ரோல்', அதாவது இது பட்டனா, எழுதும் பெட்டியா, தலைப்பா என்பது. அடுத்து பெட்டிக்கு வைத்த லேபிள். பிறகு திரையில் உள்ள எழுத்து. நிரலாளர் தன் வசதிக்காக ஒட்டி வைக்கும் ரகசிய அடையாளமான 'டெஸ்ட் ஐடி' கடைசியில்தான். படகோட்டியின் கண்ணுக்கு அந்த ஐடி தெரியாதே!

ஏலத் தொகை வரும்வரை காத்திரு

தேடுவதில் மூன்று விதம் உண்டு. 'கெட்பை' என்று கேட்டால் பொருள் அங்கே இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்ட் அந்த இடத்திலேயே விழும். 'க்வெரிபை' என்று கேட்டால் இல்லாதபோது வெறுங்கையோடு திரும்பும். ஏலம் முடிந்த பிறகு 'ஏலம் கேட்க' பட்டன் மறைந்துவிட்டதா என்று பார்க்க இதுதான் ஏற்றது. 'ஃபைண்ட்பை' காத்திருக்கும். சர்வரிலிருந்து சீலா மீனின் ஏலத் தொகை வந்து திரையில் விழும்வரை, வேறு சொல்லாவிட்டால் 1,000 மில்லிவினாடி பொறுக்கும். அதற்குள் வராவிட்டால் சிவப்பு விளக்கு, அதாவது டெஸ்ட் தோல்வி. தேறினால் பச்சை.

ஒரு கிளிக்கில் எத்தனை நிகழ்ச்சி?

நீங்கள் மவுஸால் ஒரு முறை சொடுக்கும்போது உலாவிக்குள் சுட்டி இறங்கியது, மவுஸ் இறங்கியது, கவனம் அந்தப் பெட்டிக்கு வந்தது, சுட்டி எழுந்தது, மவுஸ் எழுந்தது, கடைசியாகத்தான் 'கிளிக்' என்று வரிசையாகப் பல நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பழைய பாணி டெஸ்ட்கள் கடைசி நிகழ்ச்சியை மட்டும் அனுப்பிவிட்டு நகர்ந்துவிடும். 'யூசர் ஈவென்ட்' என்ற துணை நூலகம் வரிசை முழுவதையும் நடத்திக் காட்டுகிறது. கவனம் வந்ததும் திறக்க வேண்டிய பட்டியல் திறக்காத குறை அப்போதுதான் அகப்படும்.

காலை 5 மணிக்கு நேற்றைய தேதி

தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. 5 மணிக்கு டோக்கன் போடும் படிவம், தேதியை எடுக்க ஜாவாஸ்கிரிப்டின் 'டு ஐஎஸ்ஓ ஸ்டிரிங்' முறையைப் பயன்படுத்தினால் என்ன வரும் தெரியுமா? நேற்றைய தேதி! அந்த முறை உலகப் பொது நேரத்தில்தான் பதில் சொல்லும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. எனவே நமக்கு அதிகாலை 5 என்றால் அதற்கு முந்தைய இரவு 11.30. பகல் 11 மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை ஆயுசுக்கும் தெரியாது. டெஸ்டில் கடிகாரத்தை 5 மணிக்குத் திருப்பி வைக்க ஜெஸ்டில் 'ஃபேக் டைமர்' வசதி இருக்கிறது.

61ஆ, 60ஆ?

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். 'தடை எத்தனை நாள்' என்று காட்டும் காம்போனென்டில் இரண்டு தேதிகளையும் கழித்தால் 60தான் வரும். முதல் நாளையும் சேர்த்து எண்ண ஒன்று கூட்ட வேண்டும். இன்னொரு குழியும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 0ஆவது மாதம், ஏப்ரல் 3ஆவது. கவனமில்லாமல் 4 என்று எழுதினால் தடைக்காலம் மே மாதத்தில் தொடங்கிவிடும். 'விடை 61' என்ற ஒரே வரி டெஸ்ட் முதல் பிழையைப் பிடித்துவிடும். ஆனால் ஜூனையும் அதேபோல 6 என்று எழுதிவிட்டால் மே 15 முதல் ஜூலை 14 வரையும் 61 நாள்தான். எனவே தொடக்கத் தேதியையும் தனியே சோதிக்க வேண்டும்.

கன்டெய்னர் எண்ணில் ஒளிந்த கணக்கு

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கன்டெய்னரின் முதுகிலும் 4 ஆங்கில எழுத்து, 6 இலக்கம், தனிக் கட்டத்தில் இன்னோர் இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம் முன்னுள்ள பத்தும் சரியா என்று காட்டும் காவல்காரன். எழுத்துகளுக்கு 10லிருந்து 38 வரை மதிப்பு. 11, 22, 33 மட்டும் கிடையாது. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 512 வரை பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் மீதிதான் காவல் இலக்கம். 11ஆல் வகுபடும் மதிப்பைக் கொடுத்தால் அந்த எழுத்து மீதியில் தடயமே விடாது என்பதால்தான் அவற்றை ஒதுக்கினார்கள்.

பாடப் புத்தக உதாரணம்: சி, எஸ், க்யூ, யூ, பிறகு 305438. மதிப்புகள் 13, 30, 28, 32. கூட்டல் 6,185. 11ஆல் வகுத்தால் மீதி 3. அதுவே காவல் இலக்கம். இந்த எண்ணைத் தட்டச்சு செய்யும் பெட்டிக்கு டெஸ்ட் எழுதுவதாக இருந்தால் குறைந்தது மூன்று வேண்டும்: சரியான எண்ணை ஏற்கிறதா, ஓர் இலக்கம் மாறினால் மறுக்கிறதா, மீதி 10 வந்தால் 0 என்று எடுத்துக்கொள்கிறதா. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள்.

ஊர்ப் பெயர் பாதியில் அறுந்தால்

'தூத்துக்குடி' என்பதில் எத்தனை எழுத்து? தூ, த், து, க், கு, டி. ஆறு. ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' சொல்வது 12! உயிர்மெய்யின் குறிகளையும் புள்ளிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஊர்ப் பெயர்ப் பெட்டிக்கு 10 என்று எல்லை வைத்தால், இணைய விதிப்படி பெயர் 'தூத்துக்கு' என்று நின்றுவிடும். 'இன்டல் செக்மென்டர்' என்ற புதிய வசதியிடம் கேட்டால் ஒழுங்காக ஆறு என்று சொல்லும். ஆங்கிலப் பெயரை மட்டும் கொடுத்துச் சோதிக்கும் குழுவுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

இரண்டு கொற்கை

பாண்டியர்களின் துறைமுகமாக இருந்த கொற்கை தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெயரின் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் 'இரண்டும் சமமா' என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் இல்லை என்று விடை வரும். ஒரு விசைப்பலகையில் தட்டிய கொற்கையை இன்னொன்றில் தட்டித் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒப்பிடும் முன் 'நார்மலைஸ்' செய்தால் தீரும். தேடல் பெட்டிக்கான டெஸ்டில் இரண்டு கொற்கையையும் கொடுத்துப் பாருங்கள்.

லட்சத்துக்கு இடம் மாறும் காற்புள்ளி

உப்பு ஏற்றுமதித் தொகையை 10,00,000 என்று காட்ட வேண்டும். தமிழ் இந்திய அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் உலாவி அப்படியே காட்டும். ஆனால் டெஸ்ட் ஓடுவது பெரும்பாலும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில். 2019ல் வந்த 13ஆம் பதிப்புக்கு முன்பு, அதனுடன் வழக்கமாக ஆங்கில மொழித் தரவு மட்டுமே வந்தது. தமிழ் கேட்டாலும் 1,000,000 என்று மில்லியன் கணக்கில்தான் சொல்லும். திரையில் சரி, டெஸ்டில் தப்பு என்று பலரும் மண்டையைப் பிய்த்துக்கொண்ட காலம் அது.

25 டிகிரியில் நிற்கும் வாசல்

கடல் நீர் பாத்திகளில் காயக் காய அதன் அடர்த்தி ஏறும். பாமே மானியில் ஏறக்குறைய 25 டிகிரி வந்ததும் உப்பு படியத் தொடங்கும். 29ஐ எட்டினால் மக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பின் தரம் கெடும். இந்த அளவைக் காட்டும் திரையில் '25க்கு மேல்' என்றும் '25 அல்லது அதற்கு மேல்' என்றும் எழுதுவதற்கு ஒரே ஒரு குறிதான் வித்தியாசம். 20, 27, 31 என்று மூன்று மதிப்பைக் கொடுத்துச் சோதித்தால் நிரலின் எல்லா வரிகளும் ஓடிவிடும், பிழை மட்டும் தப்பித்துவிடும். 24.9, 25, 28.9, 29 என்று வாசற்படியிலேயே நின்று சோதிக்க வேண்டும்.

நூற்றுக்கு நூறு வாங்கியும் தவறலாம்

டெஸ்ட் ஓடும்போது நிரலின் எத்தனை வரிகள் தொடப்பட்டன என்று அளப்பது 'கவரேஜ்'. ஜாவாஸ்கிரிப்டில் இதற்குப் பெயர் பெற்ற 'இஸ்தான்புல்' கருவியை யாஹூவில் பணியாற்றியபோது எழுதியவர் கிருஷ்ணன் அனந்தேஸ்வரன். ஜெஸ்டின் கவரேஜ் கணக்குக்குப் பின்னாலும் அதுவே இருக்கிறது. மேலே சொன்ன 20, 27, 31 டெஸ்டுக்கு இஸ்தான்புல் 100 சதவீதம் கொடுக்கும். வரி ஓடியதா என்பதுதான் அதற்குத் தெரியும், விடை சரியா என்பது நீங்கள் எழுதும் ஒப்பீட்டில் இருக்கிறது.

வேப்பலோடை முத்தும் 'மாக்' சர்வரும்

1973 ஜூலையில் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி குழுவினர் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். உள்ளே வைக்கும் கரு மனிதன் கொடுத்தது, மேலே பூசும் முத்துப்பூச்சு சிப்பியின் சொந்த வேலை. டெஸ்டில் வரும் 'மாக்' சர்வரும் அப்படித்தான். வரும் தகவலை நாமே தயாரித்துக் கொடுக்கிறோம், அதை வாங்கித் திரையில் காட்டுவது உண்மையான காம்போனென்ட். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு 'மாக் சர்வீஸ் ஒர்க்கர்' என்ற நூலகம் பயன்படுகிறது. துறைமுகச் சர்வர் படுத்துவிட்டால் திரை என்ன சொல்லும் என்பதை, சர்வரைப் படுக்க வைக்காமலே பார்த்துவிடலாம்.

அகலம் தெரியாத உலாவி

ஜெஸ்ட் போன்ற கருவிகள் உண்மையான உலாவியைத் திறப்பதில்லை. 'ஜேஎஸ்டாம்' என்ற போலி உலாவியில்தான் காம்போனென்டை ஏற்றுகின்றன. வேகம் அதிகம், ஆனால் அதற்கு இடம் அமைக்கத் தெரியாது. ஒரு பட்டன் எவ்வளவு அகலம் என்று கேட்டால் 0 என்று சொல்லும். எவ்வளவு உயரம்? அதுவும் 0. எனவே நீளமான தமிழ்ச் சொல் பட்டனை விட்டு வெளியே வழிகிறதா என்பதை இதில் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கு உண்மை உலாவியில் ஓடும் 'பிளேரைட்', 'சைப்ரஸ்' போன்றவை வேண்டும். பலவகைக் கைபேசிகளில் சரிபார்க்க மும்பையில் 2011ல் தொடங்கிய 'பிரவுசர்ஸ்டாக்' உண்மையான கருவிகளை இணையம் வழியாக வாடகைக்குத் தருகிறது.

அக்கரையிலிருந்து வந்த கதைப் புத்தகம்

1906ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அந்த அக்கரையிலிருந்து உலகுக்கே ஒரு கருவி வந்திருக்கிறது. காம்போனென்ட்களைத் தனித்தனியாக நிறுத்தி, வெறுமையாக இருக்கும்போது, பிழை காட்டும்போது, நிரம்பியிருக்கும்போது என்று ஒவ்வொரு நிலையையும் கண்ணால் பார்க்க உதவும் 'ஸ்டோரிபுக்'. இலங்கையைச் சேர்ந்த அருணோத சுசிரிபால தொடங்கிய 'கதிரா' நிறுவனம் அதை 2016ல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தின் கையைவிட்டு, தன்னார்வ நிரலாளர்களின் பொறுப்புக்கு மாறியது. இன்றும் உலகெங்கும் பெரிய நிறுவனங்களில் அது புழங்குகிறது.

ஒரு விசையில் எல்லாம் பச்சை

2016ல் ஜெஸ்டில் 'ஸ்னாப்ஷாட்' வந்தது. காம்போனென்ட் வெளியிடுவதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கும். எழுதுவது சுலபம், ஏமாறுவதும் சுலபம். காற்புள்ளி மாறினாலும் சிவப்பு எரியும். சலித்துப்போன நிரலாளர் 'யூ' விசையைத் தட்டினால் பழைய பதிவு போய்ப் புதியது வந்து உட்காரும். 61 என்பது 60 ஆகியிருந்தாலும் அன்றிலிருந்து அதுதான் சரியான விடை. ஸ்னாப்ஷாட் சிறியதாக இருந்தால்தான் மனிதர் படித்துப் பார்ப்பார்.

காதால் பார்ப்பவருக்கும் சேர்த்து

பட்டனை 'ரோல்' கொண்டு தேடும்போது இன்னொரு நன்மை தானாக வருகிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அதே ரோலையும் பெயரையும்தான் படித்துச் சொல்கிறது. வெறும் படத்தைப் பட்டன்போல ஒட்டி வைத்திருந்தால் டெஸ்டால் கண்டுபிடிக்க முடியாது. அதாவது ஸ்கிரீன் ரீடருக்கும் அது கிடைக்காது. லேபிள் இல்லாத பெட்டி, பெயர் இல்லாத பட்டன் போன்ற குறைகளை அலசும் 'ஆக்ஸ்' கருவியை ஜெஸ்டுடன் இணைக்கவும் முடியும்.

டெஸ்டுக்கே ஒரு டெஸ்ட்

எப்போதும் பச்சையாகவே இருக்கும் டெஸ்டை நம்பலாமா? நிரலில் வேண்டுமென்றே சின்னப் பிழைகளைச் செய்து, டெஸ்ட் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது 'மியூட்டேஷன் டெஸ்டிங்'. 1971ல் ரிச்சர்ட் லிப்டன் மாணவராக இருந்தபோது சொன்ன யோசனை. ஜாவாஸ்கிரிப்டில் 'ஸ்ட்ரைக்கர்' என்ற கருவி இதைத் தானாகச் செய்கிறது. கூட்டலைக் கழித்தலாக்கும், 'அதற்கு மேல்' என்பதை 'அல்லது சமம்' ஆக்கும். கருவி இல்லாமலும் நீங்களே செய்து பார்க்கலாம். தடைக்காலக் கணக்கில் கூட்டிய அந்த 1ஐ அழித்துவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள். சிவப்பு எரிந்தால் 1ஐத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். அப்போதும் பச்சையே எரிந்தால் இதுவரை அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை.